மருதாத்தாள் பூ கேட்ட வெள்ளிக்கிழமை

சித்திரபுரம்
10-1-1973

கர்த்தரின் அன்பில் என் தங்கை மருதாத்தாளுக்கு, அன்னபாக்கியம் எழுதுவது.

முதலில் பிள்ளைகள் சேதி. மூத்த பேரன் பவுல்ராஜ் ஐ.டி.ஐ. பாஸ் பண்ணிவிட்டான். கீழே பள்ளிவாசல் ஊர் பவர்ஹவுஸில் அப்ரண்டிஸாக எடுத்திருக்கிறார்கள். காக்கிச் சட்டை போட்டுக்கொண்டு அவன் இறங்கிப் போகும்போது குவார்ட்டர்ஸ் வரிசை முழுக்கக் கதவுகள் திறக்கின்றன. பேத்தி கிருபா நர்ஸ் படிப்பில் முதல் வருஷம் தேறிவிட்டாள். ஊசி போடும்போது இவளுக்குக் கை நடுங்குவதில்லை என்று அங்கே பெரிய சிஸ்டரே சொன்னார்களாம். அது என் அம்மாவின் கை. அடுத்தவன் ஜெபமணி, நீ மிட்டாய் கொடுத்துக் கெடுத்து வைத்தாயே அவன்தான், ஓய்வுநாள் பள்ளி வசனப் போட்டியில் மூணாறு வட்டாரத்துக்கே முதலாவது. கணக்கில் எப்படியோ, வசனத்தில் நம் பிள்ளையோடு ஒருவனும் நிற்க முடியாது. கடைக்குட்டி சாமுவேல் இன்னும் எதிலும் பாஸ் பண்ணவில்லை. ஆனால் முன்பல் நான்கு வந்துவிட்டது, வரிசையாக. ஐந்தாம் வகுப்போடு நின்றவள் வீட்டில் இத்தனையும் நடக்கிறது. கர்த்தருக்கு ஸ்தோத்திரம்.

உன் மகன் ரத்தினசாமிக்கு மின்சார போர்டில் ஊர்ப்பக்கம் மாற்றல் கிடைத்தது உங்களுக்கு நல்லதுதான். எனக்குத்தான் நல்லதில்லை. மூன்று வருஷம் ஒரே குழாயில் தண்ணீர் பிடித்தோம். இப்போது உங்கள் வீட்டுக்குக் கோட்டயத்துக் குடும்பம் ஒன்று வந்திருக்கிறது. நல்ல மனுஷர்கள். குழாயடியில் நின்று பேசத் தெரியாதவர்கள்.

இனி காரியத்துக்கு வருகிறேன். வெள்ளிக்கிழமைதோறும் எங்கள் பெண்கள் ஜெபக்கூட்டத்துக்கு வந்து கடைசிப் பாயில் உட்காருவாய். முழங்கால்போட்டு நீயும் ஜெபம் பண்ணுவாய். நீ பஸ் ஏறிய அன்றைக்கு, "ஏளா மருதா, ஞானஸ்நானம் எப்பம்தான் எடுக்கப் போற?" என்று கேட்டேன். "வர்றேனுங்கக்கா, ஆனா இன்னிக்கு இல்லீங்க" என்று சொல்லிவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாய். அதற்குள் கண்டக்டர் விசில் ஊதிவிட்டான்.

எங்கள் சபையில் புது வருஷ ஆராதனையில் வசன அட்டை எடுப்போம், நீயும் பார்த்திருக்கிறாய். அச்சடித்த சின்ன அட்டைகளைத் தட்டில் கவிழ்த்து வைத்திருப்பார்கள். ஆளுக்கு ஒன்று எடுத்தால், அந்த வருஷத்துக்குக் கர்த்தர் தரும் வாக்கு அதுதான். இந்த வருஷம் எனக்கு ஒன்று எடுத்துவிட்டு, கண்ணை மூடி ஜெபம் பண்ணி, உன் பேருக்கும் ஒன்று எடுத்தேன். உனக்கு என்ன வந்தது தெரியுமா? கர்த்தர் உன்னைப் பேர் சொல்லிக் கூப்பிட்டுத் தமக்கென்று வைத்துக்கொண்டார் என்று சொல்லும் வசனம். எனக்கு அங்கேயே கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

இதற்கு மேல் நீ யோசிக்க என்ன இருக்கிறது? உலகம் உண்டாவதற்கு முன்பே அவர் உன்னைத் தெரிந்துகொண்டுவிட்டார், தம் பிள்ளை என்று பொறுக்கி எடுத்துவிட்டார். ஈஸ்டருக்கு ஐயர் இங்கே ஞானஸ்நானம் கொடுக்கிறார். ஐயர் என்றால் எங்கள் சபைக் குரு. உன் வீட்டுக்காரரிடம் சொல்லும்போது விளக்கிச் சொல். உனக்கு எஸ்தர் என்று பேர்கூடப் பார்த்து வைத்துவிட்டேன். ஜெபக்கூட்டத்தில் எல்லாரிடமும் சொல்லியும் ஆயிற்று. பஸ் ஏறி வா.

உன் அக்கா
அன்னபாக்கியம்


வேலந்தாவளம்
24-1-1973

அன்புள்ள அக்காளுக்கு மருதாத்தாள் கும்பிட்டு எழுதிக்கொள்வது.

பவுல்ராஜுக்கு வேலை கிடைத்ததைக் கேட்டு இங்கே எல்லாருக்கும் சந்தோஷமுங்க. என் வீட்டுக்காரர், "அந்தக் குச்சிப் பையனா பவர்ஹவுசுல நிக்கறான்? இனி கரண்டு வந்த மாதிரிதான்" என்று சொல்லிச் சிரித்தார். கோபித்துக்கொள்ளாதீர்கள், அவருக்கு அவனை ரொம்பப் பிடிக்கும். எங்கள் எருமை கிடாரிக் கன்று போட்டிருக்கிறது. படிப்புக் குறைந்த வீட்டில் பெருமை சொல்லிக்கொள்ள அதுதான்.

உங்கள் கடிதத்தை நான்கைந்து தரம் படித்தேன். மனதில் பட்டதை எழுதுகிறேன். இங்கே மாட்டுச் சந்தையில் வியாபாரம் நடக்கிற விதத்தை நீங்கள் பார்த்திருக்க மாட்டீர்கள். விற்கிறவரும் வாங்குகிறவரும் ஒரு துண்டைப் போட்டு மூடிக்கொண்டு, உள்ளே விரலைப் பிடித்தே பேசுவார்கள். வாயிலிருந்து ஒரு வார்த்தை வராது. மாடு பக்கத்தில் அசை போட்டுக்கொண்டு நிற்கும். துண்டை உதறித் தோளில் போட்டால் பேச்சு முடிந்தது, மாட்டுக்கு இனி வேறு வீடு. நீங்களும் ஆண்டவரும் அப்படித் துண்டுக்குள் பேசி முடித்துவிட்டீர்கள். பேரும் வைத்துவிட்டீர்கள். மாட்டை யாரும் கேட்கவில்லை.

எனக்கு அவர் மேல் ஆசை இல்லை என்று நினைக்காதீர்கள். காணாமல் போன ஒற்றை ஆட்டைத் தேடி, மந்தையை அப்படியே விட்டுவிட்டுப் போனவரின் கதையை நீங்கள் ஒரு வெள்ளிக்கிழமை படித்தீர்கள். மற்றவர்கள் ஆமென் சொன்னார்கள். நான் ஆடு மேய்த்து வளர்ந்தவள். அது எவ்வளவு கிறுக்குத்தனமான வேலை என்று எனக்குத்தான் தெரியும். அன்றிலிருந்து அவரை விட முடியவில்லை. பால் கறக்கும்போது அவரிடம்தான் பேசிக்கொண்டிருக்கிறேன்.

ஆனால் நான் இந்தக் குடும்பத்தில் மூத்த மருமகள். சித்திரை நோம்பிக்கு எங்கள் குலத்து அம்மன் கோயிலில் முதல் மாவிளக்கை நான்தான் ஏந்திக்கொண்டு போகவேண்டும். மாமியார் கையிலிருந்து எனக்கு வந்தது. அதைவிட, நாற்பது வருஷமாக என்னோடு அந்தக் கோயிலுக்கு நடந்து வருகிறவர் ஒருவர் இருக்கிறார். அவரிடம் என்ன சொல்வது?

அதனால் எங்கள் முறைப்படியே செய்துவிடலாம் என்று இருக்கிறேன். கிணறு வெட்டினாலும் பெண் எடுத்தாலும் நாங்கள் பூ கேட்காமல் செய்கிற வழக்கமில்லை. வெள்ளைப் பூவையும் சிவப்புப் பூவையும் தனித்தனியாக இலையில் மடித்து அம்மன் முன்னால் போடுவார்கள். ஒன்றை எடுத்துப் பிரிக்கவேண்டும். வெள்ளை வந்தால் உத்தரவு. சிவப்பு வந்தால் இல்லை. வருகிற வெள்ளிக்கிழமை போய், "நான் ஏசுசாமிகிட்டப் போகட்டுமா, ஆத்தா?" என்று கேட்கப்போகிறேன். இத்தனை காலம் என்னைப் பார்த்துக்கொண்டவளிடம் ஒரு வார்த்தை சொல்லாமல் போவது மரியாதை இல்லைங்களே.

இப்படிக்கு
மருதாத்தாள்


சித்திரபுரம்
30-1-1973

மருதாத்தாளுக்கு,

உன் கடிதத்தைப் படித்துக்கொண்டே நின்றதில் அடுப்பில் சோறு குழைந்துவிட்டது. அது போகட்டும். உனக்கு என்ன ஆயிற்று? கர்த்தரிடம் வருவதற்கு அம்மனிடம் உத்தரவா? ஒரு மாப்பிள்ளையைக் கட்டிக்கொள்ள இன்னொரு வீட்டுக்காரரிடம் போய்ச் சம்மதம் கேட்பாயா?

வெள்ளை வந்தால் அம்மன் அனுப்பி வைத்த கிறிஸ்தவளாக வந்து நிற்பாய். அதை நான் ஜெபக்கூட்டத்தில் எந்த முகத்தோடு சொல்ல? சிவப்பு வந்தால் போகாமல் இருந்துவிடுவாயா? வானத்தையும் பூமியையும் உண்டாக்கினவர் உன்னைத் தெரிந்துகொண்டிருக்கிறார், நீ ஒரு அரளிப் பூவிடம் போய் அது சரியா என்று கேட்கிறாய்.

மாடு என்று எழுதினாயே, அது எனக்கு உறைத்தது. நானும் கர்த்தரும் துண்டுக்குள் ஒன்றும் பேசிக்கொள்ளவில்லை. அவர் என்னிடம் அப்படியெல்லாம் கலந்து பேசுகிறவர் அல்ல. பேசுவதாக இருந்தால் என் முழங்கால் வலியைப் பற்றி முதலில் கேட்டிருப்பேன்.

"விடுங்க அத்தே, அவங்க மெதுவா வருவாங்க" என்று மருமகள் சொன்னாள். "நீ சும்மா கெட. மெதுவா வாரவ மெதுவாப் போயிருவா" என்றேன். அதற்கு அவள் சிரித்தாள். இதில் சிரிக்க என்ன இருக்கிறது என்று எனக்குத் தெரியவில்லை.

பூ கேட்காதே. கேட்டுவிட்டிருந்தால் அதை ஒரு பொருட்டாக நினைக்காதே. நீ சொன்ன வெள்ளிக்கிழமை போய்விட்டது என்று எனக்குத் தெரியும். எழுதாமல் இருக்க முடியவில்லை.

அன்னபாக்கியம்


வேலந்தாவளம்
9-2-1973

அக்காளுக்கு மருதாத்தாள் எழுதுவது.

பூ கேட்டேன். சிவப்பு வந்தது.

பூசாரியிடம் என்ன விஷயம் என்று சொல்லவில்லை. மனதுக்குள் கேட்டுக்கொண்டு நானே ஒரு மடிப்பை எடுத்துப் பிரித்தேன். சிவப்பைப் பார்த்ததும் அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டேன். நியாயமாக எனக்கு நிம்மதி வந்திருக்கவேண்டும். வீடு, மாவிளக்கு, அவர், எல்லாம் இருந்தபடியே இருக்கும் என்று ஆகிவிட்டது அல்லவா? நிம்மதி வரவில்லை. கண் கலங்கியது.

"ஏனுங்க பூசாரி, இன்னொருக்காக் கேக்கலாமுங்களா?" என்றேன்.

"கேக்கலாமுங்க அம்மிணி. மூணு தடவை வரைக்கும் கேக்கறவங்க உண்டு" என்றார். பிறகு இலையை மடித்துக்கொண்டே, "ஆனா ஒண்ணு சொல்றனுங்க. வெள்ளை வர்ற வரைக்கும் கேக்கறவங்க, வரும்போதே முடிவு பண்ணீட்டு வந்தவங்கதானுங்க" என்றார்.

நான் மறுபடி கேட்கவில்லை. எழுந்து வந்துவிட்டேன். அவர் சொன்னது எரிச்சலாக இருந்தது. உங்கள் கடிதம் அதைவிட எரிச்சலாக இருந்தது.

பூவிடம் கேட்டேன் என்று வைகிறீர்கள். நீங்கள் தட்டில் கை விட்டு எனக்கு ஒரு அட்டை எடுத்தீர்கள். நான் என் காரியத்துக்கு என் கையால் எடுத்தேன். நீங்கள் என் காரியத்துக்கு உங்கள் கையால் எடுத்தீர்கள். இதில் எது மேல் என்று உங்கள் ஐயரிடமே கேளுங்கள்.

இன்னொன்றும் கேளுங்கள். அவர் என்னை உலகம் உண்டாவதற்கு முன்பே தெரிந்துகொண்டார் என்றால், என் வீட்டுக்காரரை ஏன் தெரிந்துகொள்ளவில்லை? அவர் என்னைவிட நல்லவர். பொய் சொல்லமாட்டார். மழை வந்தால் அடுத்தவர் வைக்கோல்போரையும் ஓடிப்போய் மூடுவார். மூன்று வருஷம் உங்கள் பாட்டெல்லாம் சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து அவர் காதிலும்தான் விழுந்தது. என்னைக் கூப்பிட்ட குரல் பக்கத்தில் இருந்தவருக்குக் கேட்காமல் போனது எப்படி? வேண்டுமென்றே மெதுவாகக் கூப்பிட்டாரா?

ஈஸ்டருக்கு வரமாட்டேன். கொஞ்ச நாள் நீங்களும் எழுதவேண்டாம்.

மருதாத்தாள்


சித்திரபுரம்
20-3-1973

தங்கை மருதாத்தாளுக்கு,

கொஞ்ச நாள் எழுதவேண்டாம் என்றாய். எனக்குத் தெரிந்தவரை இது கொஞ்ச நாள்தான். இதற்கு மேல் என்னால் ஆகாது.

உன் கடிதங்களை ஐயரிடம் படித்துக் காட்டினேன். உன்னைக் கேட்காமல் காட்டியது தப்பென்றால் தப்புதான். உன் பக்கம் நியாயம் இல்லை என்று அவர் வாயால் கேட்கப் போனேன். அவரோ பூசாரி சொன்ன இடம் வந்ததும் கையைக் காட்டி நிறுத்தி, மறுபடி படிக்கச் சொன்னார். படித்தேன். "அந்தப் பூசாரி எந்த ஊர்? ஒருநாள் போய்ப் பார்த்துப் பேசணும்போல இருக்கே" என்றார். எனக்கு எப்படி இருந்திருக்கும் பார்த்துக்கொள்.

"அட்டையும் பூவும் ஒண்ணா ஐயரே?" என்று கேட்டேன்.

"பாட்டியம்மா, நம்ம தட்டில் இருக்கிற அட்டை எல்லாத்திலும் நல்ல வசனமா பார்த்துத்தானே அச்சடிச்சு வெச்சிருக்கோம்? கண்டிக்கிற வசனம் ஒண்ணாவது இருக்கா? நீங்க எதை எடுத்திருந்தாலும் அவங்களுக்கு நல்லதுதான் வந்திருக்கும். அந்த அம்மா கேட்ட இடத்தில் இல்லைன்னு ஒரு பதில் வரவும் வழி இருந்தது. அது தெரிஞ்சும் கேட்டாங்க. பூவிடம் கேட்டது சரின்னு நான் சொல்லலை. ஆனா தைரியம் அவங்களுக்குத்தான்."

இத்தனை வருஷமாக ஒவ்வொரு புது வருஷமும் எனக்கு நல்ல வசனமே வருகிறதே, கர்த்தருக்கு என்மேல் எவ்வளவு பிரியம் என்று ஊரெல்லாம் சொல்லியிருக்கிறேன். இது எனக்குத் தோன்றவே இல்லை.

அவர் இன்னொன்றும் சொன்னார். ஆண்டவர் இழுக்காமல் ஒருத்தரும் அவரிடம் வருவதில்லை, அது வேதத்தில் உள்ளது, அதை மாற்ற முடியாது. "ஆனா கயிறு கட்டி இழுக்கிறவர் இல்லை அவர். பிள்ளை நடை பழகும்போது தாய் கொஞ்சம் தள்ளி நின்னு கையை நீட்டுவாள். அவ நீட்டாட்டி பிள்ளை எந்திரிக்கவே எந்திரிக்காது. அவளைப் பார்த்துத்தான் நடக்கும். ஆனா நடக்கிற கால் பிள்ளையோடதுதானே?" என்றார். சாமுவேல் போன மாசம் அப்படித்தான் நடந்தான். அப்போது நான் பின்னால் நின்று அவன் முதுகைத் தள்ளிக்கொண்டே இருந்தேன், அவன் விழுந்தான். இதை நான் ஐயரிடம் சொல்லவில்லை.

உன் வீட்டுக்காரரைப் பற்றி நீ கேட்டதை இரண்டு தரம் படித்துக் காட்டினேன். ஐயர் கடிதத்தை வாங்கித் தாமே ஒரு தரம் படித்தார். "தெரியாது" என்றார். "யார் யாரைத் தெரிந்துகொண்டார்னு நமக்குச் சொல்லலை. வாசலைத் திறந்து வைன்னு மட்டும்தான் சொல்லியிருக்கு. அடைக்கிற வேலையை நம்மகிட்ட ஒப்படைக்கலை." எனக்கும் தெரியாது மருதா. என் வீட்டுக்காரர் ஆசீர்வாதம் பிறந்தது முதல் கோயிலுக்கு வந்தவர், பிரசங்கம் தொடங்கியதும் தூங்கிவிடுவார், கண்ணை மூடியபோது என்ன நினைத்துக்கொண்டு போனார் என்று நான் இன்றைக்கும் அறியேன். உன் கேள்வி எனக்கும் உள்ளதுதான். நான் அதை வெளியே எடுத்ததில்லை.

ஜெபக்கூட்டத்தில் கத்தரீனாள், "எஸ்தர் எப்பம் வாரா?" என்று கேட்டாள். அப்படி ஒருத்தியும் இல்லை என்று சொல்லிவிட்டேன். ஈஸ்டருக்கு வராதே. எப்போதும் வராவிட்டாலும் எழுதுவதை மட்டும் நிறுத்தாதே. கொஞ்சம் ஏலக்காய் தனியாகப் பார்சலில் வருகிறது. உன் வீட்டுக்காரருக்குப் பாயசத்தில் போட்டுக் கொடு.

உன் அக்கா
அன்னபாக்கியம்


வேலந்தாவளம்
14-5-1973

என் அக்காளுக்கு மருதாத்தாள் சந்தோஷமாக எழுதுவது.

நேற்று ஞாயிற்றுக்கிழமை ஞானஸ்நானம் எடுத்துக்கொண்டேன். இதை முதலில் எழுதிவிட்டால்தான் மீதியை நிதானமாகப் படிப்பீர்கள். சொல்லாமல் எடுத்துக்கொண்டாளே என்று வருத்தம் இருக்கும். சொல்லியிருந்தால் ஜெபக்கூட்டம் முழுவதையும் பஸ்ஸில் ஏற்றிக்கொண்டு வந்து இறங்கியிருப்பீர்கள். எனக்குப் பயமாக இருந்ததுங்க.

எப்போது முடிவு செய்தீர்கள் என்று இங்கே வந்த ஐயர் கேட்டார். எனக்குச் சொல்லத் தெரியவில்லை. சித்திரையில் கடலை பிடுங்கினோம். கடலைச் செடியில் பூ வெளியேதான் பூக்கும். அதிலிருந்து ஒரு விழுது இறங்கி மண்ணுக்குள் போய்க் காய் பிடிக்கும். எந்த நாளில் இறங்கியது என்று காட்டில் உட்கார்ந்து யாரும் பார்ப்பதில்லை. பிடுங்கி உதறினால் உள்ளே கொத்தாகக் காய்த்திருக்கும். அப்படி ஒரு செடியைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றபோது பூசாரி சொன்னது எனக்குப் புரிந்தது. சிவப்பு வந்ததும் மறுபடி கேட்கட்டுமா என்றேனே, அதற்கு எவ்வளவோ முன்பே உள்ளே பிடித்துவிட்டது. அவர் இழுத்தாரா, நானாக வந்தேனா என்று பிரித்துச் சொல்லச் சொன்னால் எனக்கு வராதுங்க. நடந்தது என் கால்தான். நடக்கவேண்டும் என்று அதற்கு எப்படித் தோன்றியது என்பதுதான் தெரியவில்லை.

கடலை பிடுங்கிய அன்று சாயங்காலமே வீட்டுக்காரரிடம் சொன்னேன்.

"ஏனுங்க, நான் ஞானஸ்நானம் எடுத்துக்கலாம்னு இருக்கறனுங்க."

"அதென்னது, பல்லுப் புடுங்கற மாதிரியா?"

"தலையில தண்ணி ஊத்துவாங்க."

"நம்ம கெணத்துல இல்லாத தண்ணியா?" என்று சிரித்தார். பிறகு நான் சிரிக்காததைப் பார்த்து நிறுத்தினார். நான் பூ கேட்டது அவருக்குத் தெரியும், எதற்கு என்று அப்போதுதான் புரிந்திருக்கும். "பூ செவப்பாத்தானே வந்துச்சு?"

"ஆமாங்க."

"அம்மன் பேச்சையும் கேக்க மாட்டே. அப்பறம் யாரைத்தான் கேப்பே?"

"உங்களைத்தானுங்க இப்பக் கேக்கறேன்."

"நான் வேண்டாம்னு சொன்னா?"

"அழுவனுங்க."

"அழுதுட்டு?"

"அழுதுட்டுப் போவனுங்க."

அவர் எழுந்து எருமைக்குத் தண்ணீர் காட்டப் போய்விட்டார். அன்றைக்குச் சோறும் வேண்டாம் என்றுவிட்டார். மறுநாள் காலையில் எருமையைக் குளிப்பாட்டிக்கொண்டே, என் முகத்தைப் பார்க்காமல், "ஏம்புள்ள, செத்தா நீ ஒரு பக்கம் நான் ஒரு பக்கமா?" என்று கேட்டார். அதுதான் அவருக்குள் கிடந்திருக்கிறது. சாதிசனம், ஊர்ப்பேச்சு, பேத்திக்கு மாப்பிள்ளை தேடுவது, எல்லாம் சொல்வார் என்று பதில்களை நான் கட்டி வைத்திருந்தேன். இதற்கு இங்கே சபையைப் பார்த்துக்கொள்ளும் உபதேசியாரைத் தேடிப்போய்க் கேட்கவேண்டியதாயிற்று. எங்கள் ஆட்களைப் புதைக்கிற தோட்டத்து மேட்டிலேயே என்னையும் புதைக்கத் தடையில்லை, வந்து ஜெபம் பண்ணிவிட்டுப் போகிறோம் என்றார். வந்து சொன்னேன். "அப்பச் சரி" என்றார். மனதார என்று சொல்லமாட்டேன். ஆனால் சொன்னார்.

நோம்பிக்கு முதல் மாவிளக்கை என் ஓர்ப்படியாள் சின்னத்தாயி எடுத்தாள். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அவள் என் பின்னால் இரண்டாவது விளக்கோடு நடந்தவள். சேதி தெரிந்ததும் ஓடி வந்து என் கையைப் பிடித்துக்கொண்டு, "அக்கா, உங்க ஏசுசாமி ரொம்ப நல்ல சாமிங்க" என்றாள். அவளுக்கு அவர் செய்த உதவி அப்படி. விளக்கு போகும்போது நான் கூட்டத்தில் நின்று பார்த்தேன். நெஞ்சு வலித்ததுங்க. வலிக்கவில்லை என்று உங்களுக்கு எழுதினால் அது பொய். போய்விட்டு வருகிறேன் ஆத்தா என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டேன். இதை உங்கள் ஐயரிடம் படித்துக் காட்டவேண்டாம்.

நேற்று ஓட்டுக்கூரை போட்ட சின்னக் கோயிலில்தான் நடந்தது. வீட்டுக்காரர் குடையைப் பிடித்துக்கொண்டு வெளியே புளியமரத்தடியில் நின்றார். அங்கிருந்து தெரியவில்லையோ என்னவோ, வாசல்வரை வந்துவிட்டார். ஐயர் தண்ணீரை அள்ளும்போது, "சாமீ, பாத்து ஊத்துங்க, அவளுக்குச் சீக்கிரம் சளி புடிச்சுக்கும்" என்று எல்லாருக்கும் கேட்கச் சொன்னார். சபை முழுவதும் சிரித்துவிட்டது. ஐயரும் சிரித்துவிட்டார். அவரை ஆண்டவர் தெரிந்துகொண்டாரா இல்லையா என்று இனி நான் யாரையும் கேட்கப்போவதில்லை. வாசல்வரை வந்திருக்கிறார்.

என்ன பேர் வைக்கட்டும் என்று கேட்டபோது மருதாத்தாள் என்றேன். கிறிஸ்தவப் பேர் ஒன்று வேண்டாமா என்றார்கள். "ஏசுசாமி என்னைப் பேர் சொல்லிக் கூப்புட்டாருன்னு எங்க அக்கா சீட்டெடுத்துச் சொல்லியிருக்கறாங்க. எஸ்தர்னு கூப்புட்டிருந்தா நான் திரும்பியே பாத்திருக்க மாட்டேனுங்க" என்றேன். அப்படியே இருக்கட்டும் என்றுவிட்டார்கள்.

உங்கள் தங்கை
மருதாத்தாள்


சித்திரபுரம்
21-5-1973

கர்த்தருக்குள் என் சொந்தத் தங்கை மருதாத்தாளுக்கு,

முதலில் கோபம் வந்தது. பிறகு அழுகை வந்தது. பிறகு கடிதத்தைப் பவுல்ராஜிடம் கொடுத்து உரக்கப் படிக்கச் சொல்லிக் கேட்டேன். சளி பிடிக்கும் என்று உன் வீட்டுக்காரர் சொன்ன இடத்தில் அவனால் மேலே படிக்க முடியவில்லை. மருமகள் இன்றைக்கும் தண்ணீர் ஊற்றும்போதெல்லாம் அதைச் சொல்லிச் சிரிக்கிறாள். ஆத்தாளிடம் நீ சொல்லிக்கொண்டு வந்ததை மட்டும் ஐயரிடம் படிக்கவில்லை. அந்த இடத்தில் எனக்கு இருமல் வந்துவிட்டது.

வெள்ளிக்கிழமை ஜெபக்கூட்டத்தில் எழுந்து நின்று சேதியைச் சொன்னேன். எல்லாரும் ஸ்தோத்திரம் சொன்னார்கள். உடனே கத்தரீனாள், "அப்பம் அவள ஆரு கூட்டியாந்தது? நீங்கதான மதினி?" என்று கேட்டாள்.

மருதா, அந்தக் கேள்விக்காக நான் மூன்று வருஷம் காத்திருந்தேன். ஆமாம் என்று சொல்ல வாய் திறந்தும்விட்டது. "அவளாத்தான் வந்தா" என்றேன். உட்கார்ந்தேன். உட்கார்ந்த பிறகு அது முழுசாக இல்லை என்று தோன்றியது. மறுபடி எழுந்து, "கர்த்தர்தான் கொண்டுவந்தார்" என்றேன்.

"ரெண்டுல எது மதினி?"

"ரெண்டுந்தாம்ளா. பாட்ட எடு" என்றேன். அவள் எடுத்தாள். வழக்கம்போல மேல் சுருதியில் எடுத்து எல்லாருடைய தொண்டையையும் கெடுத்தாள்.

உனக்கு ஒரு காரியம் சொல்லவேண்டும். முன்னறையில் என் பேரப்பிள்ளைகள் படங்கள் மாட்டியிருக்கிற சுவரில், கிருபாவுக்கும் ஜெபமணிக்கும் நடுவில் பவுல்ராஜை ஓர் ஆணி அடிக்கச் சொன்னேன். அடித்துவிட்டான். உன் படம் ஒன்று என்னிடம் இருக்கிறது, அதில் நீ பாதிக்கு மேல் ரத்தினசாமியின் முதுகுக்குப் பின்னால் இருக்கிறாய். அது வேண்டாம். பக்கத்தில் ஸ்டூடியோ இல்லாவிட்டால் பொள்ளாச்சிக்குப் போ. உன் வீட்டுக்காரரும் உன் பக்கத்தில் நிற்கட்டும். குடையை விடமாட்டேன் என்றால் குடையோடே நிற்கட்டும்.

எங்கள் ஆட்கள் பொட்டு வைப்பதில்லை என்று உனக்குத் தெரியும். அதைப் பற்றி மேலே இரண்டு வரி எழுதி அடித்திருக்கிறேன், வெளிச்சத்தில் பிடித்துப் படிக்காதே. வைத்துக்கொண்டு நில், இல்லை வைக்காமல் நில். உனக்கு எப்படித் தோன்றுகிறதோ அப்படி நின்று, புதுப் போட்டோ ஒன்று எடுத்துத் தபாலில் அனுப்பு.

உன் அக்கா
அன்னபாக்கியம்